ஒரு நாள் தறி கிளாஸ் போறீங்களா? நாடா கைக்கு வரவே மதியம் ஆகிடும்!

ரீல்ஸ்ல நீங்களும் பார்த்திருப்பீங்க. ஜன்னலோரம் ஒரு மரத்தறி. அதன் முன்னாடி காட்டன் குர்தாவில் ஒரு பொண்ணு. நாடா இந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம் வருது. 30 செகண்டில் அழகான ஒரு ஸ்டோல் ரெடி. 'ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமும் இதை ட்ரை பண்ணலாமே' என்று விரல் தானாக 'சேவ்' பட்டனுக்குப் போகும்.

எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சது. சென்னையில் ஒரு சின்ன கைவினை ஸ்டூடியோவில் ஒரு நாள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை. ஃபீஸ் 2,500 ரூபாய். தறி, நூல், மதியச் சாப்பாடு எல்லாம் அவங்களே தருவாங்க. நெய்ததை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். மொத்தம் ஆறு பேர். காலேஜ் பசங்க ரெண்டு பேர், ஐ.டி-யில் வேலை பார்க்கிற மூணு பேர், அப்புறம் நான்.

பத்து மணிக்குத் தறி முன்னாடி உட்கார்ந்தேன். முதல் தடவை நாடாவைக் கையில் எடுத்தபோது மணி 1.40. சாப்பாட்டு நேரம் அரை மணியைக் கழித்தாலும், நெய்யத் தொடங்குவதற்கே மூணு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த மூணு மணி நேரத்தில் என்ன நடந்தது, அதை ஏன் எந்த ரீல்ஸும் காட்டுவதில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் போறேன். கிளாஸ் போற ஐடியா இருந்தால், இதைப் படிச்சுட்டுப் போங்க. போகிற ஐடியா இல்லைன்னாலும், அடுத்த தடவை கைத்தறிச் சேலையோ, சட்டையோ வாங்கும்போது இது கை கொடுக்கும்.

முதல்ல, பாவும் ஊடையும்

இப்போ நீங்க போட்டிருக்கிற சட்டையை மொபைல் கேமராவில் நல்லா ஸூம் பண்ணிப் பாருங்க. (டி-ஷர்ட் வேண்டாம். அது பின்னல் துணி, நெசவு கிடையாது.) நீளவாக்கில் சில இழைகள், குறுக்குவாக்கில் சில இழைகள். ஒன்றின் மேல் ஏறி, அடுத்ததன் கீழே இறங்கி, பாய் முடைஞ்ச மாதிரி தெரியும். நீளவாக்கில் போவது பாவு. குறுக்கே போவது ஊடை. 'ஊடும் பாவுமா' என்று பேச்சில் சொல்கிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான்.

பாவு முதலிலேயே தறியில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஊடை ஒவ்வொரு வரியாகக் குறுக்கே சேரும். தறி என்ற கருவி செய்ய வேண்டிய வேலை மூணே மூணுதான். பாவு இழைகளை விறைப்பாகப் பிடிச்சுக்கணும். ஒன்று விட்டு ஒன்றாக அவற்றைத் தூக்கி, நடுவில் ஊடை புகுந்துபோக ஒரு சந்து உண்டாக்கணும். புகுந்த ஊடையை முந்தைய வரியோடு நெருக்கித் தட்டணும். காஞ்சிபுரம் குழித்தறியில் இருந்து ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும் விசைத்தறி வரைக்கும் அடிப்படை இதுதான்.

இழைகளைத் தூக்கும் பகுதிக்கு விழுது என்று பெயர். நெருக்கித் தட்டும் சீப்பு மாதிரியான பகுதி அச்சு. குறுக்கே ஓடி ஊடையைக் கொண்டுபோவது நாடா. இந்த மூணு வார்த்தையும் தெரிஞ்சா போதும், கிளாஸ்ல முழிக்க வேண்டியிருக்காது.

கிளாஸ்ல எந்தத் தறி கிடைக்கும்?

ஆரம்பநிலை வகுப்புகளில் பொதுவாக மூணு வகைத் தறிகள் இருக்கும்.

முதலாவது, சட்டத் தறி. போட்டோ ஃப்ரேம் மாதிரி ஒரு மரச்சட்டம். இழைகளைக் கையாலேயே ஒன்று விட்டு ஒன்றாகத் தூக்கிக் கோக்கணும். சுவரில் மாட்டுற அலங்காரத் துணிகளை இதில்தான் செய்வாங்க. ரெண்டு மணி நேர வகுப்பு என்றால் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, மேஜைத் தறி. இதில் விழுதும் அச்சும் ஒரே சட்டமாக இருக்கும். அந்தச் சட்டத்தில் ஒரு நீளமான பிளவு, பக்கத்தில் ஒரு சின்னத் துளை, மறுபடி பிளவு, மறுபடி துளை என்று வரிசையாக இருக்கும். துளைக்குள் போகும் இழை சட்டத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும். பிளவுக்குள் போகும் இழை நகராமல் நிற்கும். சட்டத்தைத் தூக்கினால் ஒரு சந்து. இறக்கினால் இன்னொரு சந்து. இவ்வளவுதான் சூட்சுமம். எனக்குக் கிடைச்சது இந்தத் தறி.

மூன்றாவது, காலால் மிதிக்கிற பெரிய தறி. இதில் கை, கால், கண் மூணும் ஒரே தாளத்துக்கு வரணும். ஒரே நாளில் வராது. பல நாள் வகுப்பில்தான் இதில் உட்கார வைப்பாங்க.

காலை முழுக்க கணக்கும் நடையும்

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா முதலில் கையில் கொடுத்தது நூல் இல்லை. பேப்பரும் பேனாவும். "எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம்? முதல்ல கணக்குப் போடுங்க" என்றார்.

8 இன்ச் அகலத்தில், 40 இன்ச் நீளத்தில் டேபிள் மேல் விரிக்க ஒரு துணி. இதுதான் என் பிளான். என் தறியின் அச்சில் இன்ச்சுக்கு 10 இழை. ஆக, 8-ஐ 10-ஆல் பெருக்கினால் 80 பாவு இழைகள் வேணும்.

ஒவ்வொரு இழையும் எவ்வளவு நீளம்? 40 இன்ச் போதும்னு நினைச்சேன். போதாது. இழைகள் ஏறி இறங்கி வளைவதிலும், அப்புறம் துவைக்கும்போது சுருங்குவதிலும் பத்தில் ஒரு பங்கு போயிடும். அதுக்கு 4 இன்ச். தறியின் ரெண்டு முனையிலும் கட்டுறதுக்கும், கடைசியில் நெய்ய முடியாமல் மிஞ்சுவதற்கும் 20 இன்ச். மொத்தம் 64 இன்ச். அதாவது மூணில் ஒரு பங்கு நூல் துணியாகாமலே போகும். 80 இழைக்கு ஏறக்குறைய 130 மீட்டர். குறுக்கே போற ஊடைக்கு இன்னொரு 90 மீட்டர். ஒரு சின்ன டேபிள் துணிக்குள்ளே 220 மீட்டர் நூல்!

நூலிலும் ஒரு விஷயம் இருக்கு. கடையில் 40-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் நூல் என்பார்கள். ஒரு பவுண்டு எடை பருத்தி நூலில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை இருக்கு என்பதுதான் அந்த நம்பர். நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். ஆரம்பத்தில் சன்ன நூல் பக்கம் போகாதீங்க. ரெண்டு, நாலு இழை முறுக்கிய தடிமனான பருத்தி நூல்தான் நல்லது. அறுந்துபோகாது, கண்ணுக்கும் தெரியும்.

கணக்கு முடிஞ்சதும் நடை. தறியை ஒரு மேஜையில் இறுக்கிட்டு, 64 இன்ச் தள்ளி இன்னொரு மேஜையில் ஒரு மர முளையைப் பொருத்தினார்கள். சட்டத்தின் ஒவ்வொரு பிளவு வழியாகவும் நூலை வளையமாக இழுத்து, நடந்துபோய் முளையில் மாட்டி, திரும்பி வரணும். ஒரு நடைக்கு ரெண்டு இழை. 80 இழைக்கு 40 நடை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எல்லா நடையிலும் ஒரே இழுவை இருக்கணும். முதல் பத்து நடையில் உற்சாகமாக இறுக்கி இழுத்து, முப்பதாவது நடையில் கை சலிச்சுப்போய் தளர்வா விட்டீங்கன்னா, துணியின் ஒரு பக்கம் சப்பட்டையாகவும் மறுபக்கம் தொளதொளன்னும் வரும். பக்கத்தில் இருந்த காலேஜ் தம்பி நடுவில் போன் பேசிட்டே நடந்தார். அவர் துணியில் அந்த இடம் மட்டும் அலை அலையாகத் தெரிஞ்சது.

அப்புறம் பாவைத் தறியின் பின்பக்க உருளையில் சுற்றணும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் பழைய காலண்டர் தாளை வைத்துச் சுற்றினோம். இல்லைன்னா மேல் சுற்று இழை கீழ்ச் சுற்றுக்குள் புதைஞ்சு, இழுவை மாறிடும். அதுக்கப்புறம் முளையில் இருந்து எடுத்த வளையங்களை வெட்டி, ஒவ்வொரு பிளவிலும் இருக்கிற ரெண்டு இழையில் ஒன்றை மட்டும் எடுத்து, பக்கத்துத் துளைக்குள் கோக்கணும். 40 துளை, 40 தடவை ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. கழுத்து வலி இங்கேதான் ஆரம்பிக்கும். கடைசியாக முன்பக்க உருளையில் கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்க்கணும். எங்கேயும் மேடு பள்ளம் இல்லாமல் தபேலா தோல் மாதிரி இருந்தால் பாவு ரெடி.

மணி 1.40.

நாடா கைக்கு வந்தாச்சு

நெய்வது உண்மையிலேயே ஜாலியான வேலை. சட்டத்தைத் தூக்கு, நாடாவைத் தள்ளு, தட்டு. சட்டத்தை இறக்கு, நாடாவைத் தள்ளு, தட்டு. பத்து வரி போனதும் ஒரு தாளம் வந்துடும். போன் ஞாபகமே வராது.

நாங்கள் கையால் தள்ளியதைத்தான் ஒரு காலத்தில் எல்லா நெசவாளர்களும் செய்தார்கள். 1733-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கே, கயிற்றை இழுத்தால் தானாகவே ஓடும் நாடாவைக் கண்டுபிடித்தார். அதுக்கப்புறம்தான் வேகமும் கூடியது. கை எட்டும் தூரத்தைவிட அகலமான துணியை ஒரே ஆள் நெய்யவும் முடிந்தது. நம் ஊர்த் தறிகளில் 'சடக் சடக்' என்று கேட்கிற சத்தம் அந்த நாடா ஓடுற சத்தம்தான்.

புதுசா நெய்யறவங்க எல்லாரும் செய்கிற தப்புகள் சில இருக்கு. என்னை உட்பட ஆறு பேருமே செஞ்சோம். முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

துணி நடுவில் இடுப்பு மாதிரி சுருங்கும். 8 இன்ச்சில் ஆரம்பிச்சது 7 இன்ச் ஆயிடும். காரணம், ஊடை நூலை நேர்க்கோடாக இறுக்கி இழுப்பதுதான். ஊடை நேராகப் போவதில்லை, 80 இழை மேல் ஏறி இறங்கிப் போகணும், அதுக்குக் கூடுதல் நீளம் வேணும். அதனால் நூலை வில் மாதிரி சாய்வாக விட்டுட்டு, அப்புறம் தட்டுங்க. அதே சமயம் ஓரத்தில் நூல் வளையமாகத் தொங்கவும் கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவில் கை பழகுவதுதான் கரை நேராக வருவதன் ரகசியம்.

கோபத்தில் தட்டாதீங்க. நெருக்கினால் நல்ல துணி என்று நினைச்சு ஓங்கித் தட்டினால், ஊடை மட்டும் அடர்ந்து துணி அட்டை மாதிரி ஆயிடும். இன்ச்சுக்கு 10 பாவு இழை என்றால், ஊடையும் ஏறக்குறைய 10 வரி வரணும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வெச்சு அப்பப்போ எண்ணிப் பாருங்க.

பாவு இழை அறுந்தால் பதறாதீங்க. அறுந்த இழைக்குப் பதில் புது நூல் ஒன்றைப் பின்னாடி இருந்து அதே துளை வழியாகக் கொண்டுவந்து, நெய்த துணியில் ஒரு குண்டூசி குத்தி அதில் சுற்றிட்டு நெசவைத் தொடரலாம். மிஞ்சுற முனையைக் கடைசியில் ஊசியால் உள்ளே சொருகிடலாம்.

அந்த 14-வது துளை

என் கதைக்கு வருவோம். 20 நிமிஷத்தில் 4 இன்ச் நெய்திருந்தேன். போட்டோ எடுக்கலாம்னு எழுந்து நின்றபோதுதான் கண்ணில் பட்டது. துணியின் நடுவில், மேலிருந்து கீழ் வரை மெல்லிசா ஒரு கோடு. அந்த இடத்தில் மட்டும் மூணு இழைகள் ஒட்டிக்கொண்ட மாதிரி சேர்ந்தே ஏறி இறங்கின.

அக்கா குனிஞ்சு அச்சை எண்ணினார். "14-வது துளையை விட்டுட்டீங்க" என்றார். அந்தத் துளை காலி. அதுக்குப் போக வேண்டிய இழை பிளவிலேயே நின்னுடுச்சு.

"இப்படியே விட்டா என்ன ஆகும் அக்கா?"

"ஒண்ணும் ஆகாது. கடைசி வரைக்கும் அந்தக் கோடு உங்ககூட வரும். வேணுமா, வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க."

பிரிச்சேன். 40 வரி. சட்டத்தை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு வரியாக நாடாவைப் பின்னோக்கி அனுப்பணும். 20 நிமிஷத்தில் நெய்ததைப் பிரிக்க 40 நிமிஷம் ஆச்சு. அப்புறம் முடிச்சை அவிழ்த்து, அந்த ஒரு இழையை 14-வது துளையில் கோத்து, மறுபடி கட்டி, மறுபடி முதல் வரி. 40 இன்ச் பிளான் பண்ணின நான், நாள் முடியும்போது நெய்திருந்தது 31 இன்ச்.

காலையில் ஒரு நொடி கவனம் பிசகியதுக்கு மதியம் முக்கால் மணி நேரம் போச்சு. நெசவில் தப்பு நடக்கிற இடம் ஒன்று, தெரிகிற இடம் வேறொன்று. அதனால பாவு கோத்து முடிச்சதும், ஊடைக்கு வேறு ஒரு பழைய நூலை எடுத்து ஆறேழு வரி சும்மா நெய்து பாருங்க. தப்பு இருந்தா அங்கேயே தெரிஞ்சுடும்.

தறியில் இருந்து இறக்கினா முடிஞ்சுடுமா?

இல்லை. தறியில் இருந்து வெட்டி எடுத்ததும் கையில் இருப்பது வலை மாதிரிதான் இருக்கும். விரலால் இழுத்தால் இழைகள் நகரும். முதலில் ரெண்டு முனையிலும் பாவு இழைகளைக் கொத்துக் கொத்தாக எடுத்துக் குஞ்சம் முடியணும், இல்லைன்னா ஊடை கழன்டு வந்துடும். அடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மைல்டான சோப் போட்டு அலசி, நிழலில் காயப்போடணும். ஈரத்தில் நூல் உப்பி, இழைகள் ஒன்றை ஒன்று கவ்விக்கும். என் 31 இன்ச் துணி காய்ந்த பிறகு 28 இன்ச் ஆனது. ஆனால் தொட்டுப் பார்த்தபோது முதல் தடவையாக அது துணி மாதிரி இருந்தது.

அந்த மூணு மணி நேரம் யாருடையது?

பாவு கோக்கும்போது நான் ரெண்டு தடவை சலிச்சுக்கிட்டேன். "எப்போ அக்கா நெய்ய ஆரம்பிக்கிறது?" அக்கா சிரிச்சார். அவர் காஞ்சிபுரம் பக்கம் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். "இதுவும் நெசவுதான். எங்க வீட்ல இந்த வேலையெல்லாம் அம்மாதான் பார்ப்பாங்க. அதனால அதை யாரும் நெசவுன்னு சொல்ல மாட்டாங்க."

யோசிச்சுப் பாருங்க. தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்ய, சிட்டத்தில் இருக்கிற நூலை ராட்டையில் சுற்றி நாடாவுக்குள் வைக்கிற தார் ஆக்கணும். பாவு ஓட்டணும். பருத்தி என்றால் பாவுக்குக் கஞ்சி போடணும். நெசவாளர் தெருக்களில் விடிகாலையில் பாவை நீளமாக விரிச்சுக் கஞ்சி போடுவதைப் பார்த்திருக்கலாம். வெயில் ஏறுவதற்குள் முடிக்கணும், மழை வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. பழைய பாவு தீரும்போது, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து முறுக்கிப் பிணைக்கணும். உடலும் கரையும் வேற வேற நிறத்தில் வருகிற கோர்வைச் சேலை என்றால், மூணு நாடா ஓடும். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் கூடவே உட்காரணும்.

எண்ணிக்கையில் சொல்றேன். என் துணிக்கு 80 இழை, அதுக்கே கழுத்து வலி. 48 இன்ச் அகலச் சேலையில் இன்ச்சுக்கு 80 இழை என்று வெச்சுக்கிட்டா, 3,840 இழை. ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு, இன்ச்சுக்கு 80 ஊடை என்றால், நாடா 17,000 தடவைக்கு மேல் ஓடணும். நான் அன்றைக்கு ஓட்டியது சுமார் 350.

2019-20-ல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்திய கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும் சேர்ந்து 35.22 லட்சம் பேர். அதில் 70 சதவிகிதத்துக்கும் மேல் பெண்கள். அசாம் மாதிரி வடகிழக்கு மாநிலங்களில் பெண்களே தறியில் உட்காருவது வழக்கம் என்பது இதுக்கு ஒரு முக்கியக் காரணம். நம் பக்கம் பெண்கள் அதிகமாக இருப்பது தார் சுற்றுவது மாதிரியான முன்வேலைகளில்தான். அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. நெசவாளர் குடும்பங்களில் சுமார் மூணில் ரெண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. கவனிங்க, இது ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு.

மதியச் சாப்பாட்டின்போது அக்காவிடம் கேட்டேன். "நீங்க ஏன் தறியில உட்காரலை?"

"எனக்கு நல்லாவே நெய்ய வரும். ஆனா சனி, ஞாயிறு ரெண்டு நாள் கிளாஸ் எடுத்தா வர்ற காசு, எங்கப்பா வாரம் முழுக்க நெய்து வாங்குற கூலிக்கு மேல வருது. அவர்கிட்ட இதை இன்னும் சொல்லலை" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு, "நெசவாளர் அட்டை அப்பா பேர்லதான் இருக்கு. ஆனா அம்மா ஒரு நாள் தார் சுத்தலைன்னா, அப்பா தறி நின்னுடும்" என்றார்.

2,500 ரூபாய் கொடுத்து நான் பொழுதுபோக்காகச் செய்த அந்தக் காலை வேலை, ஒரு வீட்டில் கூலிக் கணக்கிலேயே வராமல் தினமும் நடக்கிறது. கிளாஸ்ல இருந்து நான் எடுத்துட்டு வந்ததில் துணியைவிட இதுதான் கனம்.

அடுத்த தடவை கடைக்குப் போகும்போது

தறியில் ஒரு நாள் உட்கார்ந்தவங்களுக்குத் துணியைப் பார்க்கிற பார்வை மாறிடும். சில விஷயங்களை நீங்க இப்பவே கவனிக்கலாம்.

லேபிளைப் பிரிச்சுப் பாருங்க. சில்க் மார்க் என்பது நூல் சுத்தமான பட்டு என்பதுக்குத்தான் சான்று. அது கைத்தறியா, விசைத்தறியா என்று சொல்லாது. கைத்தறி என்பதுக்கு 2006-ல் அறிமுகமான ஹேண்ட்லூம் மார்க் தனியாக இருக்கு. 'கைத்தறி' என்று விலை சொன்னால், அந்த லேபிள் இருக்கான்னு கேளுங்க.

கரையோரம் குண்டூசி குத்திய மாதிரி சின்னத் துளைகள் இருந்தால் கைத்தறி என்று சொல்வார்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் இருக்க, ரெண்டு முனையிலும் ஊசி உள்ள ஒரு குச்சியைக் குறுக்கே வைப்பாங்க, அந்தத் தடம்தான் அது. நல்ல அடையாளம்தான். ஆனால் விசைத்தறித் துணியிலும் இப்படித் தடம் வரலாம் என்பதால் அதை மட்டும் நம்பாதீங்க.

துணியின் பின்பக்கத்தைப் பாருங்க. அங்கங்கே சின்ன முடிச்சு, அடர்த்தியில் லேசான ஏற்ற இறக்கம் இருந்தால் 'டேமேஜ்' என்று தூக்கிப் போடாதீங்க. அறுந்த இழையை யாரோ பொறுமையாகச் சேர்த்திருக்காங்க. ஒரே ஒரு கோடு மேலிருந்து கீழ் வரை போனால் மட்டும் எனக்கு அந்த 14-வது துளை ஞாபகம் வரும்!

சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யணும் என்று 1985-ல் சட்டமே கொண்டுவரப்பட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று நம்பி வாங்காமல் இருப்பது நம் கையில் இருக்கு. விலை குறைவான விசைத்தறித் துணி வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால், கைத்தறி விலை கொடுத்துட்டு விசைத்தறியோடு வீட்டுக்கு வந்தால், நாமும் ஏமாறுகிறோம், நெய்த வீட்டுக்கும் அந்தக் காசு போறதில்லை.

ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க

* எந்தத் தறி? சட்டத் தறியா, மேஜைத் தறியா, மிதித்தறியா?
* பாவு நாங்களே போடணுமா, ரெடியாக இருக்குமா? ரெடியாக இருந்தால் நெய்ய நேரம் கிடைக்கும், ஆனால் பாதிப் பாடம் போயிடும். முதல் முறை என்றால் பாவு போடச் சொல்லித் தருகிற வகுப்பையே தேர்ந்தெடுங்க.
* ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? ஆறேழு பேருக்கு மேல் என்றால் உங்க 14-வது துளையைப் பார்க்க ஆள் இருக்காது.
* ஆளுக்கு ஒரு தறியா, பகிர்ந்துக்கணுமா?
* சொல்லிக்கொடுப்பவர் யார்? நெசவாளர் என்றால், ஃபீஸில் அவருக்குப் பங்கு போகுதா? கேட்பதில் தப்பில்லை.
* நேரத்துக்குள் முடிக்கலைன்னா, இன்னொரு நாள் வந்து முடிக்கலாமா?

கிளம்பும்போது கண்ணாடி போடுறவங்க கண்ணாடியை மறக்காதீங்க. வளையல், தொங்கும் பிரேஸ்லெட் வேண்டாம், நூலில் மாட்டும். நகம் நீளமாக இருந்தால் கொஞ்சம் கஷ்டம்தான்.

காசு கொடுக்கும் முன்னாடி தறியை நேரில் பார்க்கணும்னு தோணுதா? சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தக்‌ஷிணசித்ராவில் பாரம்பரிய நெசவாளர் வீடும் தறியும் இருக்கு. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் 1937-ல் ருக்மிணி தேவி தொடங்கிய நெசவுப் பிரிவு இருக்கு. இதையே படிப்பாக எடுத்துக்க ஆசை என்றால், சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு.

வீட்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தறி

ஃபீஸ் கட்டுவதுக்கு முன்னாடி உங்களுக்கு இது பிடிக்குமான்னு டெஸ்ட் பண்ண ஒரு வழி இருக்கு. ஆன்லைன் டெலிவரியில் வந்த அட்டைப்பெட்டியில் இருந்து ஒரு நோட்டுப் புத்தக அளவுக்குத் தடிமனான துண்டு வெட்டுங்க. மேலேயும் கீழேயும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டு போடுங்க. சணல் அல்லது தடிமனான பருத்தி நூலை அந்த வெட்டுகளில் மாட்டி, மேலும் கீழுமாகச் சுற்றினால் பாவு ரெடி. பழைய துப்பட்டாவை நாடா நாடாவாகக் கிழிச்சால் ஊடை ரெடி. ஒரு ஸ்கேலை ஒன்று விட்டு ஒன்றாக இழைகளுக்குள் கோத்து, அதை நிமிர்த்தினால் சந்து உண்டாகும். அடுத்த வரியை மட்டும் கையால் கோக்கணும். தட்டுவதுக்குச் சீப்பு போதும். ரெண்டு மணி நேரத்தில் டம்ளர் வைக்கிற மாதிரி ஒரு சின்ன விரிப்பு வந்துடும். ஓரம் கோணலாகத்தான் வரும், பரவாயில்லை.

என் 28 இன்ச் துணி இப்போ வீட்டில் டி.வி ஸ்டாண்டு மேல் கிடக்கு. முதல் நாள் அம்மா அதைப் புரட்டிப் பார்த்துட்டு, "இதுக்கா 2,500 ரூபா? ரங்கநாதன் தெருவுல 100 ரூபாய்க்குக் கிடைக்குமே!" என்றாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு அட்டையை வெட்டி, சணலைச் சுற்றி அவங்க கையில் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, நாலு வரியைப் பிரிச்சுட்டு மறுபடி கோத்துக்கிட்டு இருந்தாங்க.

"இப்ப சொல்லும்மா, 100 ரூபாய்க்குக் கொடுப்பியா?"

"போடீ, எனக்கு இன்னும் ஓரமே நேரா வரலை" என்றாங்க, தலையை நிமிர்த்தாமல்.